மாம்பழமும் மோட்டார் சைக்கிளும்: வணிக ஒப்பந்தங்களின் கடினமான பாதி

2007ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் இந்திய மாம்பழங்கள் அமெரிக்காவில் போய் இறங்கின. அதற்கு முந்தைய பதினெட்டு ஆண்டுகள், அதாவது 1989 முதல், அந்நாட்டுச் சந்தையில் இந்திய மாம்பழத்துக்கு இடமில்லாமல் இருந்தது. அந்தக் காலம் முழுவதும் அமெரிக்கா மாம்பழத்துக்கு விதித்திருந்த இறக்குமதி வரி கிலோவுக்குச் சில சென்ட்டுகளே. பழத்தை எல்லையில் நிறுத்தி வைத்தவை பழ ஈயும், மாங்கொட்டைக்குள்ளேயே வளரும் கூன்வண்டும். அவை தங்கள் நாட்டுத் தோட்டங்களில் பரவிவிடும் என்று அமெரிக்க வேளாண் துறை அஞ்சியது. அந்த அச்சம் காரணமற்றது என்று சொல்லிவிட முடியாது.

ஏறக்குறைய அதே காலத்தில் எதிர்த்திசையில் வேறொரு பொருள் காத்துக்கொண்டிருந்தது. ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தின் கனத்த மோட்டார் சைக்கிள்கள் இந்தியாவுக்குள் வர விரும்பின. இந்தியாவின் புகை விதிகளோ நூறு, நூற்றைம்பது சிசி வண்டிகள் நிறைந்த சாலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 2006 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் டெல்லிக்கு வந்தபோது மாம்பழத்துக்கு வழி விடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 2007 ஏப்ரலில், 800 சிசி அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகள் ஐரோப்பிய யூரோ 3 அளவை எட்டினால் போதும் என்று இந்தியா ஒப்புக்கொண்டது. மாம்பழத்துக்கு மோட்டார் சைக்கிள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின.

இந்தச் சிறிய பேரத்தின் பின்கதை, அதன் தொடக்கத்தை விட அதிகம் சொல்லக்கூடியது. மோட்டார் சைக்கிளுக்குத் தரநிலைக் கதவு திறந்தது, வரிக் கதவு திறக்கவில்லை. இறக்குமதித் தீர்வைகள் எல்லாம் சேர்ந்து வண்டியின் விலையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியதால், அந்நிறுவனம் 2011இல் ஹரியாணாவில் பாகங்களைக் கொண்டுவந்து இணைக்கும் தொழிற்கூடம் அமைத்த பிறகே ஓரளவு விற்க முடிந்தது. மாம்பழத்துக்கு நிலை தலைகீழ். வரி ஒரு பொருட்டாக இல்லை, தரநிலைக் கதவும் திறந்தது. ஆனால் அந்தக் கதவின் வழியே போகும் ஒவ்வொரு பெட்டிக்கும் அந்தப் பூச்சிகளுக்கு எதிராக 400 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு கதிர்வீச்சு கொடுக்கப்பட வேண்டும், அது அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர் முன்னிலையில் இந்திய மண்ணிலேயே நடக்க வேண்டும், அந்த ஆய்வாளர் வந்து தங்கிப் போகும் செலவை இந்தியத் தரப்பே ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. வெங்காயம் முளைவிடாமல் தடுப்பதற்காக மகாராஷ்டிரத்தின் லாசல்காவில் கட்டப்பட்டிருந்த கதிர்வீச்சுக் கூடம் மாம்பழத்துக்குத் தயார் செய்யப்பட்டது. வழி திறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆன பிறகு, 2019-20இல், அமெரிக்கா சென்ற இந்திய மாம்பழம் ஏறக்குறைய 1,095 டன். ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கோடி டன் மாம்பழம் விளையும் நாட்டுக்கு இது ஒரு கைப்பிடி.

பன்னாட்டு வணிக ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகும்போது செய்தித் தலைப்புகளில் வருவது வரி பற்றிய எண்களே. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய-பிரிட்டன் ஒப்பந்தம் பற்றிய செய்திகளிலும், இந்திய ஏற்றுமதிப் பொருள்களில் 99 சதவீத வரிப்பிரிவுகளுக்கு வரி நீங்குகிறது என்பதே முன்னால் நின்றது. அது உண்மையான பயன்தான். திருப்பூர்ப் பின்னலாடைக்கும் ஆம்பூர்க் காலணிக்கும் அதன் மதிப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் சந்தை அணுகல் என்னும் சொல்லின் பொருளில் வரி ஒரு பாதிதான். மற்ற பாதி, அந்தப் பொருள் எந்த விதிப்படி செய்யப்பட்டிருக்க வேண்டும், விதிப்படிதான் செய்யப்பட்டது என்று யார் சொன்னால் நம்புவார்கள் என்ற இரண்டு கேள்விகளில் அடங்கியிருக்கிறது. இந்த இரண்டில் முதலாவதைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். என் கணிப்பில், பெரும்பாலான இடங்களில் சரக்கை நிறுத்துவது இரண்டாவது கேள்வி.

வரியைப் பேரம் பேசுவது எளிது என்று சொல்வது பிழை, ஆயினும் அது எண். பத்து சதவீதத்தை ஐந்தாக்கலாம், ஐந்தை ஏழு ஆண்டுகளில் சுழியாக்கலாம், நீங்கள் பருத்தி நூலில் விட்டுக்கொடுத்தால் நாங்கள் மதுபானத்தில் விட்டுக்கொடுக்கிறோம் என்று மேசையில் ஒன்றுக்கொன்று நிறுத்துப் பார்க்கலாம். விதியை அப்படிப் பாதியாக வெட்ட முடியாது. ஒரு நாட்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதை நடைமுறைப்படுத்தும் அமைப்பு பெரும்பாலும் வணிக அமைச்சகத்தின் கீழ் இல்லாதது. அந்த அமைப்பின் அதிகாரிகள் பேச்சுவார்த்தை மேசையில் அமர்வதும் அரிது. வணிக அமைச்சர் கையெழுத்திட்டுவிட்டார் என்பதற்காக, மருந்துத் தொழிற்சாலையைச் சோதிக்கும் அதிகாரி தன் கடமையை வேறொரு நாட்டின் அதிகாரியிடம் ஒப்படைத்துவிட மாட்டார். மக்களும் அதை விரும்ப மாட்டார்கள்.

உலக வணிக அமைப்பு 1995 ஜனவரி 1 அன்று பிறந்தபோது, இந்தச் சிக்கலுக்காகவே இரண்டு உடன்படிக்கைகள் அதனோடு வந்தன. ஒன்று வணிகத்துக்கான தொழில்நுட்பத் தடைகள் பற்றியது, மற்றது உணவு, விலங்கு, தாவர நலன் காக்கும் நடவடிக்கைகள் பற்றியது. இவை எந்த நாட்டையும் தன் தரநிலையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தன் மக்களைக் காக்க எவ்வளவு உயர்ந்த பாதுகாப்பு வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. ஆனால் அந்த விதி தேவைக்கு மிஞ்சி வணிகத்தைத் தடுக்கக் கூடாது, உள்நாட்டுப் பொருளுக்கு ஒன்றும் அயல்நாட்டுப் பொருளுக்கு ஒன்றுமாக இருக்கக் கூடாது, உணவு தொடர்பானதெனில் அறிவியல் சான்றின் மேல் நிற்க வேண்டும், பன்னாட்டுத் தரநிலை ஏற்கெனவே இருந்தால் அதை அடிப்படையாகக் கொள்ள வேண்டும், புதிய விதி கொண்டுவரும் முன் மற்ற நாடுகளுக்கு அறிவித்து அவற்றின் கருத்தைக் கேட்க வேண்டும். படிக்கும்போது இவை எல்லாம் நியாயமாகத் தெரிகின்றன. வழக்குகளில்தான் இவற்றின் எடை தெரிகிறது.

பெரு நாட்டின் மத்தி மீன் வழக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. டப்பாவில் அடைத்து விற்கும் மீனுக்கு ‘சார்டின்’ என்ற பெயரை, ஐரோப்பியக் கடல்களில் கிடைக்கும் ஒரே ஓர் இனத்துக்கு மட்டுமே வைக்கலாம் என்று 1989இல் ஐரோப்பியச் சமூகம் விதி செய்தது. பசிபிக் கடலில் பிடித்த தன் மீன் அந்தப் பெயரில் விற்க முடியாமல் போனதால் பெரு முறையிட்டது. பன்னாட்டு உணவுத் தரநிலைகளை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையத்தின் ஏட்டில், சார்டின் என்று அழைக்கத்தக்க மீன்களின் பட்டியல் ஒன்று முன்பே இருந்தது. பெருவின் மீன் அதில் உண்டு, நம் கடற்கரையில் மத்தி, சாளை, நெய்ச்சாளை என்று பல பெயர்களில் விற்கும் மீனும் உண்டு. நாட்டின் பெயரையோ இடத்தின் பெயரையோ சேர்த்து ‘இன்ன நாட்டுச் சார்டின்’ என்று எழுதினால் வாங்குபவர் ஏமாற வாய்ப்பில்லை என்பது கோடெக்ஸ் கண்ட வழி. 2002இல் பெரு வென்றது. ஒரு மீனின் பெயருக்கு உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு வரை போக வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், பெயரும் ஒரு சந்தைதான் என்பது விளங்கும்.

அந்த வழக்கில் பன்னாட்டுத் தரநிலை சிறிய நாட்டுக்குத் துணை நின்றது. மாட்டிறைச்சி வழக்கில் அதே ஏற்பாடு வேறு முகம் காட்டியது. வளர்ச்சி ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டின் இறைச்சியை ஐரோப்பா 1989 முதல் இறக்குமதி செய்ய மறுத்தது. அந்த ஹார்மோன்கள் இறைச்சியில் எந்த அளவு வரை இருக்கலாம் என்ற கேள்வி 1995இல் கோடெக்ஸ் ஆணையத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது 33 நாடுகள் ஆதரித்தன, 29 எதிர்த்தன, 7 ஒதுங்கின. நான்கு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறிய அந்த அளவுதான் பிறகு பன்னாட்டு அறிவியலின் கருத்தாக வழக்கு மன்றத்தில் வைக்கப்பட்டது. 2012இல் ராக்டோபமின் என்ற தீவன மருந்து பற்றிய வாக்கெடுப்பு இன்னும் நெருக்கம்: 69க்கு 67. 1998இல் மேல்முறையீட்டு அமர்வு, ஐரோப்பா முறையான அபாய மதிப்பீட்டின் மேல் தன் தடையை நிறுத்தவில்லை என்று தீர்ப்பளித்தது. ஐரோப்பா தடையை நீக்கவில்லை. 1999 முதல் அமெரிக்கா ஆண்டுக்கு 11.68 கோடி டாலர் மதிப்புள்ள ஐரோப்பியப் பொருள்களுக்குப் பழிக்கு வரி விதித்தது. பத்தாண்டுகள் கழித்து 2009இல், ஹார்மோன் இல்லாத இறைச்சிக்குத் தனி ஒதுக்கீடு தருவதாக ஐரோப்பா சொன்ன பிறகே சமரசம் வந்தது. விதி அப்படியே இருக்க, விதிக்கு உட்பட்ட பொருளுக்கு வழி அகலமாக்கப்பட்டது. மக்கள் தங்கள் உணவைப் பற்றி உறுதியான கருத்து கொண்டிருக்கும் இடத்தில் வழக்கில் வெல்வது சந்தையை வெல்வதாகாது என்பதை, இந்த இருபது ஆண்டுக் கதையை விடத் தெளிவாகச் சொல்லும் வேறொன்றை நான் அறியேன்.

இரு நாட்டு விதிகளுக்கு இடையே உள்ள இடைவெளியை அடைக்கப் பேச்சுவார்த்தையாளர்களிடம் மூன்று கருவிகள் உள்ளன. இரு தரப்பும் ஒரே விதியை எழுதிக்கொள்வது ஒன்று. விதிகள் வேறாக இருந்தாலும் உன் சந்தைக்குத் தகுந்தது என் சந்தைக்கும் தகும் என்று ஏற்பது மற்றொன்று. விதி உன்னுடையதாகவே இருக்கட்டும், அந்த விதிப்படி என் நாட்டு ஆய்வகம் சோதித்துத் தரும் சான்றிதழை மட்டும் ஏற்றுக்கொள் என்பது மூன்றாவது.

இரண்டாவது கருவியின் பிறப்பிடம் ஒரு மதுப்புட்டி. பிரான்சின் காசிஸ் என்னும் பழமதுவில் சாராய அளவு 15 முதல் 20 சதவீதம். ஜெர்மானியச் சட்டம் பழமதுவுக்குக் குறைந்தது 25 சதவீதம் வேண்டும் என்றது. சாராயம் குறைவாக இருப்பதால் மக்கள் நலனுக்கு என்ன கேடு என்று ஐரோப்பிய நீதிமன்றம் கேட்டது. 1979 பிப்ரவரியில் வந்த அந்தத் தீர்ப்பின்படி, ஓர் உறுப்பு நாட்டில் முறைப்படி செய்து விற்கப்படும் பொருளை, உடல்நலம் போன்ற வலுவான காரணம் இல்லாமல் மற்றோர் உறுப்பு நாடு மறுக்க முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் பொது விதி எழுதி முடிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்த ஐரோப்பா இந்தத் தீர்ப்பைப் பற்றிக்கொண்டு நடந்துதான் 1993 ஜனவரியில் ஒற்றைச் சந்தையை எட்டியது. ஆனால் இது அங்கே நடந்ததற்குக் காரணம், எல்லா உறுப்பு நாடுகளுக்கும் மேலே ஒரு நீதிமன்றம் இருந்ததும், ஒரு நாட்டின் கண்காணிப்பு தவறினால் கேள்வி கேட்க ஓர் ஆணையம் இருந்ததும். இரண்டும் இல்லாத நாடுகள் காசிஸ் தீர்ப்பின் சொற்களை மட்டும் தங்கள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் அது காகிதத்தோடு நிற்கும்.

மூன்றாவது கருவி கேட்பதற்கு மிகவும் அடக்கமானது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் 1998இல் இதைத்தான் கையில் எடுத்தன. தொலைத்தொடர்புக் கருவிகள், மின்காந்த இடையூறு, மின் பாதுகாப்பு, படகுகள், மருந்து உற்பத்தி, மருத்துவக் கருவிகள் என்று ஆறு துறைகளில், ஐரோப்பிய ஆய்வகம் அமெரிக்க விதிப்படியும் அமெரிக்க ஆய்வகம் ஐரோப்பிய விதிப்படியும் சோதித்துச் சான்று தரலாம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. எந்தத் தரப்பும் தன் விதியில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அப்படியும் பாதி நிறைவேறவில்லை. மின் பாதுகாப்புப் பகுதியில், எந்த ஆய்வகம் நம்பத்தக்கது என்று தீர்மானிக்கும் சட்டப் பொறுப்பு தன்னுடையது, ஐரோப்பிய அரசுகள் கைகாட்டும் ஆய்வகங்களை அப்படியே ஏற்க முடியாது என்று அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பு நின்றுவிட, அந்தப் பகுதி சில ஆண்டுகளில் செயலிழந்தது. மருந்துப் பகுதியோ மூன்று ஆண்டு ஆயத்தக் காலம் கடந்தும் உயிர் பெறவில்லை. ஒவ்வோர் ஐரோப்பிய நாட்டின் மருந்து ஆய்வாளர்களும் எப்படிப் பயிற்சி பெறுகிறார்கள், எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதைத் தனித்தனியே பார்த்த பிறகே நம்புவோம் என்றது அமெரிக்க மருந்து நிர்வாகம். 2017 நவம்பரில் எட்டு நாடுகளின் ஆய்வறிக்கைகளை ஏற்கத் தொடங்கி, 2019 ஜூலையில்தான் அன்றைய 28 உறுப்பு நாடுகளையும் ஏற்று முடித்தது. இவ்வளவு செல்வமும் இவ்வளவு அறிவியலும் உள்ள இரு தரப்புகள், ஒன்றின் தொழிற்சாலை ஆய்வை மற்றொன்று நம்ப எடுத்துக்கொண்ட காலம் இருபத்தோர் ஆண்டுகள்.

இதைத் தோல்வியாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த இருபத்தோர் ஆண்டுகளின் பிற்பகுதியில் நடந்த வேலை, இரு தரப்பு ஆய்வாளர்களும் ஒருவர் பின்னால் ஒருவர் நின்று வேலையைக் கவனித்தது. அதன் பயனாக, ஒரே தொழிற்சாலையை இரண்டு முறை சோதிக்கும் செலவு குறைந்து, அந்த ஆள்பலத்தை வேறு நாட்டுத் தொழிற்சாலைகளுக்குத் திருப்ப முடிந்தது. இதற்கு நேர்மாறாக, 2013 ஜூலையில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே பெரும் முழக்கத்தோடு தொடங்கிய அட்லாண்டிக் கடப்பு ஒப்பந்தப் பேச்சு, விதிகளையே ஒன்றோடொன்று நெருக்கிவிடலாம் என்று நம்பிப் புறப்பட்டது. குளோரினில் கழுவிய அமெரிக்கக் கோழி இறைச்சி என்ற ஒரே ஒரு படிமம் ஐரோப்பியத் தெருக்களில் அந்தப் பேச்சின் அடையாளமாகிவிட்டது. 2016இன் கடைசியோடு அது நின்றுபோனது.

நம் பக்கத்துக்கு வருவோம். பாலாற்றங்கரைத் தோல் தொழில் இந்தப் பாடத்தை மற்றெவரையும் விட முன்னதாகக் கற்றது. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் என்ற வேதிப்பொருளை ஜெர்மனி 1989இல் தடை செய்தது. தோலில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் அதன் எச்சம் இருக்கக் கூடாது என்றது. ஜெர்மனி அன்று இந்தியத் தோலின் மிகப் பெரிய வாடிக்கை நாடுகளில் ஒன்று. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியின் பதனீட்டுக்கூடங்கள் மாற்று வேதிப்பொருளைத் தேட வேண்டியிருந்தது, அதற்கு அதிக விலை கொடுக்க வேண்டியிருந்தது, அதைவிட முக்கியமாக, தங்கள் தோலில் எச்சம் இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. சென்னையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் சோதனை வசதி அப்போது எவ்வளவு கைகொடுத்தது என்பதை அந்தத் தொழிலில் இருந்தவர்கள் அறிவார்கள். அந்த மூச்சு வாங்கி முடிப்பதற்குள் 1994இல் அசோ சாயங்களில் ஒரு பகுதிக்குத் தடை வந்தது. அது பின்னர் ஐரோப்பா முழுமைக்குமான விதியானது. இந்தியாவும் அந்த வேதிப்பொருள்களுக்கு உள்நாட்டிலேயே தடை விதித்தது. புற்றுநோய் உண்டாக்கும் சாயம் சாயத்தொட்டியில் நின்ற தொழிலாளிக்கும் கேடுதான். ஆகவே அந்தத் தடைகளை அயல்நாட்டுச் சதி என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜெர்மன் விதி தோலைச் சோதித்தது, பாலாற்றைச் சோதிக்கவில்லை. எச்சமில்லாத தோல் ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பதனீட்டுக்கழிவு கலந்து வேலூர் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகாததாக ஆகியிருந்தது என்று, 1996 ஆகஸ்டில் வேலூர் மக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. வணிகத் தரநிலை என்பது வாங்குபவரின் உடலைக் காக்க வாங்குபவரின் அரசு எழுதுவது. செய்பவரின் ஆற்றைக் காக்கும் பொறுப்பை அது ஏற்பதில்லை. அதைச் செய்ய நமக்கு நம் நீதிமன்றமும், பல ஆண்டுகள் வழக்காடிய ஊர் மக்களும் தேவைப்பட்டனர். சந்தை விதிகள் தாமாகவே நம் சுற்றுச்சூழலையும் உயர்த்திவிடும் என்று பேசுபவர்கள் பாலாற்றங்கரைக்கு ஒரு முறை வந்து பார்க்க வேண்டும்.

சுற்றுச்சூழலை வணிகத்தோடு கட்டிப்போடும் முயற்சியும் நடந்தது உண்டு. கடல் ஆமைகள் தப்பிச் செல்லும் கருவியை வலையில் பொருத்தாத நாடுகளின் கடல் இறாலை அமெரிக்கா தடுத்தபோது, இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கும் வழக்குத் தொடுத்தன. 1998இல் வந்த தீர்ப்பு நுட்பமானது. ஆமையைக் காப்பது நியாயமான நோக்கம்தான். ஆனால் கரீபியன் வட்டார நாடுகளுக்கு மூன்று ஆண்டு அவகாசமும் தொழில்நுட்ப உதவியும் கொடுத்துப் பேச்சு நடத்திய அமெரிக்கா, ஆசிய நாடுகளுக்கு நான்கு மாதமே கொடுத்ததும், அவற்றோடு அதே அக்கறையோடு பேசாததும் பாரபட்சம் என்றது அமர்வு. அமெரிக்கா நடைமுறையைத் திருத்திக்கொண்டது, விதியை வைத்துக்கொண்டது. அந்தக் கருவி இந்திய விசைப்படகுகளில் பரவலாகாத காரணத்தால் 2019 முதல் இந்தியாவின் கடல் இறாலுக்கு அமெரிக்கக் கதவு மூடியிருக்கிறது. கருவியோ ஒரு கம்பிச் சட்டம். இருபது ஆண்டுகள் நமக்கு அவகாசம் இருந்தது.

பண்ணை இறாலின் கதை வேறு, அதில்தான் என் வாதம் முழுதாக அடங்கியிருக்கிறது. நைட்ரோஃபியூரான், குளோராம்ஃபெனிகால் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளை இறால் வளர்ப்பில் பயன்படுத்த ஐரோப்பாவில் தடை, இந்தியாவிலும் தடை. விதியில் வேறுபாடு இல்லை. இந்திய ஏற்றுமதி ஆய்வு அமைப்பின் மேற்பார்வையில் சரக்கு இங்கேயே சோதிக்கப்பட்டுச் சான்றிதழோடு புறப்படுகிறது. இருந்தும் ஐரோப்பிய எல்லையில் சில கொள்கலன்களில் எச்சம் கண்டுபிடிக்கப்பட்டதால், பத்துக்கு ஒன்றாக இருந்த எல்லைச் சோதனை 2016இல் இரண்டுக்கு ஒன்றாக உயர்த்தப்பட்டது. அன்று முதல் கொள்கலன்களில் பாதி, துறைமுகத்தின் குளிர்க்கிடங்கில் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். கிடங்கு வாடகை, சோதனைக் கட்டணம், தாமதத்தால் வாங்குபவர் குறைக்கும் விலை எல்லாம் பின்னோக்கி நகர்ந்து, நாகப்பட்டினத்திலோ நெல்லூரிலோ குளம் வெட்டி வளர்ப்பவரின் கணக்கில் வந்து உட்காருகின்றன. மருந்தே தொடாதவர் கணக்கிலும்தான். வரியைச் சுழியாக்கினாலும் இந்தச் செலவு போகாது. இங்கே கேட்க வேண்டியது, எங்கள் ஆய்வகத்தின் சொல்லை எந்த நிபந்தனையின் கீழ் ஏற்பீர்கள், எத்தனை மாதம் பிழையில்லாமல் இருந்தால் சோதனை விகிதத்தைக் குறைப்பீர்கள் என்ற கேள்வி. அது ஒப்பந்தத்தின் வாசகத்திலேயே எழுதப்பட வேண்டும். அதைக் கேட்கும் தகுதிக்கு, நம் குளத்துக்கரையில் மருந்துக் கடைக்காரர் என்ன விற்கிறார் என்பதைப் பார்க்கும் அதிகாரி நம்மிடம் இருக்க வேண்டும்.

நம்பிக்கை கொடுக்கப்படுவது போலவே திரும்பவும் எடுக்கப்படும். இந்திய அமைப்பு அங்கீகரித்த சான்றாளர்கள் தரும் இயற்கை வேளாண் சான்றிதழை ஏற்றுவந்த அமெரிக்கா, அந்த ஏற்பை முடித்துக்கொள்வதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. நேர்மையாக விளைவித்த உழவரும் அதன்பின் அமெரிக்க விதிப்படி புதிதாகச் சான்று வாங்க வேண்டியதாயிற்று.

அண்மைக்கால ஒப்பந்தங்களில் ஒரு புதிய உத்தி தென்படுகிறது, அது கவனத்துக்குரியது. 2022 மே 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய-அமீரக ஒப்பந்தத்தில், அமெரிக்கா, ஐரோப்பா, பிரிட்டன் போன்ற நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் ஏற்கெனவே ஏற்ற இந்திய மருந்துகளுக்கு, குறித்த நிபந்தனைகள் நிறைவேறினால் 90 நாள்களில் அனுமதி கிடைக்க வழி செய்யப்பட்டுள்ளது. அமீரகம் இந்திய ஆய்வாளரை நம்புகிறது என்று இதற்குப் பொருளில்லை. இந்தியத் தொழிற்சாலையைச் சோதித்த மூன்றாம் நாட்டு ஆய்வாளரை நம்புகிறது. இன்றைய நிலையில் இது நல்ல குறுக்குவழி, பெரிய நிறுவனங்களுக்குப் பெரும்பயன். ஆனால் அமெரிக்க அனுமதி பெறும் வசதியில்லாத சிறிய மருந்து நிறுவனத்துக்கு அந்த வழி அடைத்தே இருக்கிறது. நம் சொந்த மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் கையெழுத்து மதிக்கப்படும் நாள் வரை அது அடைத்தே இருக்கும்.

இந்தியாவும் இப்போது விதி எழுதும் நாடு. 2021 ஜனவரி முதல், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை இல்லாத பொம்மையை இந்தியாவில் விற்க முடியாது. அயல்நாட்டுத் தொழிற்சாலையாக இருந்தாலும் இந்திய அதிகாரி நேரில் போய்ப் பார்த்த பிறகே உரிமம். தரம் கெட்ட, நச்சு வண்ணம் பூசிய பொம்மை குழந்தையின் கைக்கு வராமல் தடுப்பது சரியானதே. அதே வகைக் கட்டாய ஆணைகள் நூல், இரும்பு, வேதிப்பொருள் என்று மூலப்பொருள்களுக்கும் விரிந்தபோது, அவற்றை வாங்கித் தொழில் செய்யும் நம் சிறு தொழிற்சாலைகளே முறையிட்டன. லாசல்காவில் அமெரிக்க ஆய்வாளருக்காகக் காத்திருந்தபோது நமக்கு எரிச்சலூட்டியது எதுவோ, அதையே இப்போது நாம் மற்றவர்களுக்குச் செய்கிறோம். இதைச் சொல்வது நம் பேச்சுவார்த்தையாளர்களைக் குறைகூற அன்று. எதிர்த்தரப்பு நம்மிடம் கேட்கப்போவதும் நாம் எதிர்த்தரப்பிடம் கேட்பதும் ஒன்றே என்றால், அங்கே உண்மையான பண்டமாற்றுக்கு இடமிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தப் பண்டமாற்று எப்படி இருக்கும் என்பதற்கு மாம்பழமே மீண்டும் எடுத்துக்காட்டு. கொரோனாப் பெருந்தொற்றில் பயணங்கள் நின்றபோது அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தியாவுக்கு வர முடியவில்லை. கதிர்வீச்சுக் கூடம் இருந்தது, பழம் இருந்தது, பூச்சி பற்றிய விதியும் மாறவில்லை. பக்கத்தில் நின்று பார்க்க ஒருவர் இல்லாததால் 2020, 2021 ஆகிய இரண்டு பருவங்களும் ஏற்றுமதி இல்லாமல் கழிந்தன. 2021 நவம்பரில் இரு நாடுகளும் நாலு பொருள்களைச் சேர்த்துப் பேசின: இந்தியாவின் மாம்பழமும் மாதுளையும் அந்தப் பக்கம், அமெரிக்காவின் செர்ரிப் பழமும் குதிரைமசால் தீவனமும் இந்தப் பக்கம். கதிர்வீச்சை மேற்பார்வையிடும் பொறுப்பு படிப்படியாக இந்தியத் தாவரப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்படும் என்று முடிவானது. 2022 பருவத்தில் பழம் மீண்டும் கப்பலேறியது. வரியில் ஒரு சென்ட்டும் மாறவில்லை.